ஈயக்குண்டும் பொய்க்குண்டும்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கும் பெட்டிகள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுக்குச் சோறு போடும் வேலை. அந்த மகராசன்தான் மூன்று வருடமாகப் புவியீர்ப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தால் லிஃப்ட் எங்கேடா போகும் என்று கேட்டேன்.

"கீழதான் போகும். ஆனா அது ஈர்ப்பு இல்லக்கா, அடர்த்தி. காத்தைவிடக் கனமானது கீழ போகும், லேசானது மேல போகும். அவ்வளவுதான்" என்றான். இப்படிப் பேசுகிறவனை அடிப்பதா, சிரிப்பதா?

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். துறைத் தலைவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். கருவி அறைச் சாவி மட்டும் என்னிடமே இருந்தது. தம்பியின் பேச்சைக் கொஞ்சநாள் காதில் போட்டுக்கொள்ளாமல்தான் இருந்தேன். ஆனால் ஒருநாள், "எங்க அக்கா வேலை பார்க்கிற இடத்துலயும் இதே பித்தலாட்டம்தான்" என்று நாற்பதாயிரம் பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. போனில் கூப்பிட்டேன்.

"நீயே வந்து சோதிச்சுப் பாரு. உனக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளு. ஈர்ப்பு இருக்குன்னு தெரிஞ்சா அதை உன் வாயாலயே வீடியோவுல சொல்லணும். சொல்லுவியா?"

"சத்தியமா சொல்றேன்க்கா. இல்லன்னா?"

"இல்லன்னா நானும் வந்து உன் பக்கத்துல உட்கார்ந்து பேசுறேன்."

அவன் வீடியோக்களைப் படம் பிடித்து வெட்டி ஒட்டிக் கொடுப்பவர் என் கணவர். அவருக்குத் தொழிலே அதுதான். வீட்டில் அவரும் என்னோடு சேர்ந்து தம்பியைக் கிண்டல் செய்வார். அவரே கேமராவோடு வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் ஆள் ஒருவர் கூட இருக்கிறாரே என்று நினைத்தேன்.

எங்கள் கருவி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தலைமுடி போன்ற ஒரு கம்பியில் லேசான கோல் ஒன்று படுக்கையாகத் தொங்கும். அதன் இரண்டு முனையிலும் சின்ன ஈய மணிகள், நடுவில் ஒரு துண்டுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் லேசர் ஒளி பட்டு எதிர்ச் சுவரில் ஒட்டிய அளவுகோலில் சிவப்புப் புள்ளியாக விழும். பன்னிரண்டு கிலோ ஈயக்குண்டு இரண்டைக் கொண்டுபோய் மணிகளுக்குப் பக்கத்தில் வைத்தால், குண்டு மணியை இழுக்கும். கோல் மிக மெல்லத் திரும்பும், சுவரில் புள்ளி நகரும். இதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. பக்கவாட்டில் இழுக்கிறது. அடர்த்தி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தம்பி விடவில்லை. காற்று தள்ளுகிறது என்றான்; கோலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். காந்தம் என்றான், காந்தத்தைக் கையில் கொடுத்து, ஈயத்தில் ஒட்டிப் பார் என்றேன். நிலைமின்சாரம் என்றான், பெட்டியைச் சுற்றிக் கம்பி வலை போட்டுத் தரையோடு இணைத்தேன். உடம்புச் சூடு என்றான். யாருமே அறைக்குள் இருக்கக் கூடாது, தாழ்வாரத்திலிருந்து ஜன்னல் வழியாகத் தொலைநோக்கியில்தான் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். அவன் கேட்காத கேள்விக்கும் பதில் வைக்க வேண்டும் என்ற என் கொழுப்பு விடவில்லை. அதே அளவில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்துகள் இரண்டு வாங்கி, ஈயக்குண்டின் அதே சாம்பல் நிறத்தைப் பூசினேன். பொய்க்குண்டு என்று பெயரும் வைத்தேன். தம்பி அறைக்குள் காசைச் சுண்டிப் பார்த்து, ஈயத்தையோ பொய்க்குண்டையோ வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எதை வைத்தான் என்று அவன் ஒரு தாளில் எழுதுவான். புள்ளியை மட்டும் பார்த்து நான் என் தாளில் எழுதுவேன். கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவோம். பார்வைக்கு எது எது என்று யாராலும் சொல்லிவிட முடியாதபடி மூன்று கோட்டிங் பூசினேன். என் கையாலேயே பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். முதலில் தம்பி ஈயக்குண்டைத் தராசில் வைத்துக் கேமராவுக்குக் காட்டினான். குண்டை வைத்த பிறகு ஆட்டம் அடங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். தம்பி நகத்தைக் கடித்தான். என் கணவர் ஒரு கேமராவை அறைக்குள் நிறுத்திவிட்டு இன்னொன்றை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் புள்ளி அசையவே இல்லை. "இல்ல, நகரல. கொஞ்சம்கூட நகரல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பொய்க்குண்டு என்று எழுதினேன். மூன்றாம் சுற்றில் ஆறு சென்டிமீட்டர் நகர்ந்தது. ஈயம் என்று எழுதினேன்.

மாலை நாலு மணிக்குள் ஏழு சுற்று முடிந்தது. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஏழும் ஒத்துப்போயின. தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து கேமராவைப் பார்த்து, "நான் வெச்சதை இவங்க பார்க்கவே இல்ல. ஏழுக்கு ஏழு சரியா சொல்லிட்டாங்க. இழுக்குதுங்க. நான் மூணு வருஷமா சொன்னது தப்பு" என்றான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நான் அழுதேவிட்டேன். அவனிடம் ஜெயித்ததற்காக அழவில்லை. என் தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான் என்றுதான் அழுதேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்குள் நுழையும்போதே மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் தன் போனை நீட்டினாள். 'ஆய்வக அக்காவே ஒப்புக்கொண்டார்!' என்று தலைப்பு. ஈயக்குண்டைத் தராசில் வைக்கிறான் தம்பி, பன்னிரண்டு கிலோ காட்டுகிறது. அடுத்து கருவிக்குப் பக்கத்தில் குண்டை வைக்கிறான். அதற்கடுத்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி நான். "இல்ல, நகரல. கொஞ்சம்கூட நகரல." அத்தோடு முடிந்தது. அவன் கருவிக்குப் பக்கத்தில் வைத்தது பொய்க்குண்டு என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதபடி பூசினவளே நான்தானே! அதற்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

துறைத் தலைவர் அம்மா என்னை உட்காரச் சொன்னார். "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதையும் எழுதிக் கேட்டதில்ல. நாளைக்குக் காலைல எழுதிக் குடுத்துடுங்க. அன்னைக்கு யார் யார் உள்ள இருந்தாங்க, இதை யார் செஞ்சாங்கன்னு. இல்லன்னா சாவியை வாங்குறதைத் தவிர எனக்கு வழி இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது.

நேராகத் தம்பி வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் பெட்டியின் கூரையிலிருந்து இறங்கி வந்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் பேசினது முழுசா வரும்னுதான்க்கா நினைச்சேன். மச்சான் போட்டதுக்கு அப்புறம்தான் நானே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"ரெண்டு லட்சம் பேர் பார்த்துட்டாங்கக்கா. எல்லாரும் கொண்டாடுறாங்க. இப்போ போய் இல்லைன்னு சொன்னா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. ரெண்டு நாள் போகட்டும்னு..."

"உன் தாளையாவது குடு."

பையைத் துழாவி, நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தான். சத்தியம் செய்த வாயால் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் வீட்டில் என் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது முழுவதும் வேண்டும் என்றேன். அழித்துவிட்டதாகச் சொன்னார்.

"எதுக்கு?"

"உன் தம்பி 'நான் சொன்னது தப்பு'ன்னு வீடியோ போட்டா மறுநாள் ஒருத்தன் பார்ப்பானா? சேனல் படுத்துடும். அவன் உணர்ச்சிவசப்பட்டு உளறிட்டான். நான்தான் நிதானமா யோசிச்சேன்."

"அப்போ புள்ளி நகர்ந்ததை நீங்க நம்பலையா?"

அவர் சிரித்தார். "நம்பாம என்ன? ஸ்கூல்ல படிச்சதுதானே! அவன்தான் அன்னைக்குக் கண்ணைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கு எப்பவும் சந்தேகமே இருந்ததில்ல."

சந்தேகப்படுகிறவனுக்காக ஒரு மாதம் மெனக்கெட்டேன். கண்ணாடிப் பெட்டி, கம்பி வலை, பொய்க்குண்டு என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் செய்தேன். எல்லாம் தெரிந்தே இதைச் செய்கிற மனுஷருக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னைப் போடாத. வெளியாள் ஒருத்தர் எடிட் பண்ணார்னு போடு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று அறையில் இருந்தவர்கள் யார், ஏழு சுற்றிலும் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினேன். இரண்டு தாள்களையும் பின்னால் சேர்த்துக் குத்தினேன். படம் பிடித்தவரும் அதை மாற்றி வெட்டியவரும் என் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"கட்டினவனையே காட்டிக்குடுக்கிறியே, உனக்கே இது நல்லா இருக்கா?"

நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துரோகம் செய்கிறவள் நான்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த ஒரு நொடிக்காக அவரை மன்னிக்க மாட்டேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.