குழி உப்பு

தென்னங்கன்று வைக்கும் குழியில் ஒரு கை உப்பு போடுவார்கள். என் வீட்டுக்காரர் ரத்தினசாமி கூடை கூடையாகக் கொட்டினார். பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில், கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலைத் தட்டி உப்பு உதிர்ப்பதுதான் அவர் வேலை. உதிர்ந்த உப்பைக் கேட்பாரில்லை. "சும்மா வர்றதுதானே தேவகி, ஜாஸ்தி போட்டா இன்னா?" என்றார். எது சும்மா கிடைத்தாலும் அந்த மனிதருக்குத் தலைகால் புரியாது.

கன்று ஒன்றுகூடத் தேறவில்லை. நிலமே களராகிப் போனது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். வயல் மூலையில், வேப்பமரத்தடியில் புதைத்தோம். எங்களில் பிணக்குழிக்கும் உப்பு போட வேண்டும். அவர் கொண்டுவந்ததில் ஒரு மூட்டை மீதி இருந்தது, அதையே கொட்டினார்கள்.

அதன் பிறகு வருஷா வருஷம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் உரமாக மடக்கி உழுதேன். ஆட்டுக்கிடை போட்டேன். வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பை அடியில் இறக்கினேன். மண்புழு தலைகாட்டிய அன்று வயலிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்தப் போகம், உப்பு மண்ணைத் தாங்கும் களர்பாலை நெல்லை நட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் மகன் அன்பரசன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இதுவும் வரலன்னா பிளாட்டுக்கு வுட்டுடலாம்மா." சரி என்றேன். நிலம் போனால் வேப்பமரத்தடியும் போகும்.

மார்கழிக் கடைசியில், பயிர் பால்பிடிக்கும் நேரத்தில், இதுவரை அந்த மாதத்தில் பார்க்காத மழை கொட்டியது. கிணறு வழிந்தது. தையிலேயே சித்திரை வெயில் அடித்தது. அடியில் இறங்கிய உப்பு ஈரத்தோடு மேலேறி, வயலில் வெள்ளை வட்டங்களாகப் பூத்தது. ஒவ்வொரு வட்டமும் அவர் தோண்டிய தென்னங்குழி. வரிசைகூடப் பிசகவில்லை. "செத்தும் பேஜார் பண்றியேய்யா" என்று திட்டிக்கொண்டே சுரண்டினேன். குனிந்தால் முதுகுக்குப் பின்னால் தோல் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் நின்றுவிடும்.

கடைசியாக வேப்பமரத்தடியில் பூத்தது. அது வட்டமில்லை; ஆள் நீளம். அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கால்மாடு பயிரைத் தொட்ட அன்றுதான் சுரண்டினேன்.

சுரண்டிய உப்பை எங்கே கொட்டுவது? ஆற்றில் போட்டால் இன்னொருத்தர் கிணற்றுக்குப் போகும். மூட்டை கட்டி மாட்டுக்கொட்டகையில் அடுக்கினேன். அவருடையதை மட்டும் என் கட்டிலருகே வைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

வட்டங்கள் அதற்குமேல் பரவவில்லை. மீதிப் பயிர் நன்றாக முற்றியது. அறுப்பு மெஷினை ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

இன்று காலை கட்டிலை விட்டு இறங்கினால் தரை ஈரம். அந்த மூட்டை வேர்த்து, சுற்றிலும் வட்டமாகத் தண்ணீர் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் உப்பு வேர்க்கும்தான். கொட்டகைக்கு ஓடிப் பார்த்தேன். மற்ற மூட்டைகள் எல்லாம் காய்ந்தே கிடந்தன. வானத்தில் பொட்டு மேகமில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். "லீவு போட்டுட்டு வாடா. மழை வருது. இன்னிக்கே அறுத்தாகணும்."

"வெயில் கொளுத்துதும்மா. மழைன்னு யாரு சொன்னது?"

"உங்கப்பா."

"மெஷினுக்குச் சொல்லிட்டு வர்றேன்மா" என்றான்.