கிழக்குச் சுவர்

பூனாகலைப் பக்கத்து மலைகளில் மழை வருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எதிர்மலை மறையும், அடுத்துக் கோயில் மரம் மறையும், அப்புறம் நாம் குடையைத் தேடுவதற்குள் நனைந்து முடிந்திருப்போம். அன்று எதிர்மலை மறைந்தபோது கௌசிகா தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கூடையைப் பக்கத்து நிரையில் நின்றவளிடம் தள்ளிவிட்டு, கங்காணி கூப்பிடுவது காதில் விழாதவள் போல இறங்கி ஓடினாள். அவள் வீட்டின் கிழக்குச் சுவருக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

அதை வீடு என்று சொல்வதே கொஞ்சம் அவசரம். தோட்டத்தில் வீடு கட்டக் கொடுத்த ஏழு பேர்ச் துண்டுக் காணியில் நான்கு சுவர்கள், அவ்வளவுதான். அவள் புருஷன் புவனேந்திரன் எல்ல ஊர்ப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்காக மண் வீடு கட்டும் இடத்தில் வேலை பார்த்தவன். செம்மண்ணைச் சலித்து, கொஞ்சம் சீமெந்து கலந்து, பலகைகளுக்கு நடுவே கொட்டி இடித்து இடித்து ஏற்றும் சுவர். ஒரு முழத் தடிப்பு. காலை வெயிலைப் பிடித்து வைத்திருந்து குளிர் நேரத்தில் திருப்பித் தரும், விறகு பாதி போதும், பெரிய ஜன்னல் வைத்தால் பகலில் லைட்டும் வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, மாமியார் தனலெட்சுமி வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள்.

"மண்ணு வீட்டுல கெடந்தது போதும்னுதான் எங்க ஆளுக கடல் தாண்டி வந்தாங்க" என்றாள் கடைசியில். "நீ திரும்ப மண்ணுக்கே போறியா?"

கூரை போன வாரமே ஏறியிருக்க வேண்டியது. அஷ்டமி, அப்புறம் நவமி, அப்புறம் மகனுக்குச் சந்திராஷ்டமம் என்று தள்ளிக்கொண்டே போனவள் மாமியார்தான். இன்றைக்குத்தான் நல்ல நாளாம். அதை யாரும் வானத்துக்குச் சொல்லவில்லை.

கூரைத் தகரம் எடுக்கப் பதுளைக்குப் போயிருந்த புவனேந்திரன் வழியிலிருந்தே போன் அடித்தான்.

"பாதையில மண்ணு சரிஞ்சிருக்கு. லொறி நிக்குது. இன்னைக்கு வர ஏலாது."

"கிழக்குச் சுவரு இன்னும் காயாமப் பச்சையா இருக்குங்க. மழையும் அந்தப் பக்கந்தான் அடிக்கும்."

"தறப்பாளு?"

"மத்த மூணு சுவரையும் மூடினதோட சரி. அத உருவினா அதுவும் கரைஞ்சிரும்."

"போனா போகட்டும் விடு. எனக்கு இனி முடியாது. நான் கொழும்புக்கே போயிர்றேன், ஹோட்டல்ல கூப்பிடுறாங்க."

கல்யாணமாகிப் பாதிக் காலம் அவன் கொழும்பில்தான் இருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி வந்துபோனான். அந்தத் தனிமை இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டாள் என்பது கௌசிகாவுக்கு நன்றாகத் தெரியும். சுவர் விழுந்தால் அவன் போய்விடுவான்.

காணியிலிருந்து பார்த்தால் கீழே தோட்டக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் தெரியும். அதன் கடைசிக் காம்பராவில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, அவர்களே வாங்கிப் போட்ட தகரம் மழை மூட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

அவள் அலவாங்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஏணியைச் சாத்தி ஏறும்போதே தனலெட்சுமி வெளியே வந்துவிட்டாள். "என்ன செய்யுற?"

"தகரத்தக் கழட்டுறேன் அத்தை."

"அப்ப நாம எங்க இருக்கிறது?"

"தெரியல. சுவரு விழுந்தா கொழும்புக்கே போயிருவேன்னு சொல்றாரு."

மாமியார் ஏணியை இறுக்கிப் பிடித்தாள். "இருக்கிறதையும் பிரிச்சுப் போட்டுட்டு நடுரோட்டுல நிக்கவா? எறங்கு."

"நாள் பாத்துப் பாத்துத் தள்ளினது நீங்கதானே" என்றாள் கௌசிகா. சொல்லி முடிக்கும் முன்பே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. தனலெட்சுமியின் முகம் செத்துப்போனது. ஏணியை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோயில் மரம் மறைந்துவிட்டது. அலவாங்கைக் கொடுத்து நெம்ப, முதல் ஆணி கிறீச்சென்று கழன்றது. தகரத்தை விலக்கியபோது உள்ளே தெரிந்தது: மாமியார் பாயைச் சுருட்டி, அரிசி மூட்டையைத் தறப்பாள் துண்டால் மூடி, சுவரிலிருந்த மாரியம்மன் படத்தைக் கழற்றிச் சேலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஓரத்துத் தகரத்த மொதல்ல எடு. அதுலதான் ஆணி தளந்து கெடக்கு. அதுக்கடியில தெனம் சட்டி வைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா."

பக்கத்துக் காம்பரா பூவம்மா, எங்கள் தகரத்தில் கைவைத்தால் நடக்கிறது வேறு என்று கத்திக்கொண்டே வந்தாள். கத்திக்கொண்டே ஒரு முனையைத் தூக்கினாள். மேட்டில் ஏறும்போது காற்று தகரத்தைப் பிடுங்கியது. கௌசிகாவின் உள்ளங்கை கிழிந்தது. தகரங்களைக் கிழக்குச் சுவரின் தலையில் வைத்துக் கல் ஏற்றினார்கள். மீதியை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். பூவம்மா தன் வீட்டைப் பார்க்க ஓடினாள். படத்தோடு மேடேறி வந்திருந்த மாமியாரும் மருமகளும் சாய்ந்த தகரத்துக்கடியில் நுழையவும் மழை அறைந்தது.

சுவரின் மேல் மூலையில் ஒரு துண்டு மண் பெயர்ந்து கௌசிகாவின் தோளில் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு துண்டு விழவில்லை. கீழே அவர்கள் காம்பராவுக்குள் மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தனலெட்சுமி அதைப் பார்க்காமல், படத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கினாள். இடுப்பு வலிக்கவே சுவரில் முதுகைச் சாய்த்தாள். சட்டென்று நிமிர்ந்து, கையை வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன புள்ள, சுடுது?"

"காலையில வெயில் அடிச்சதுல்ல அத்தை."

மாமியார் திரும்பவும் முதுகைச் சாய்த்தாள்.

போன் அடித்தது. கௌசிகாவின் கையில் ரத்தம். தனலெட்சுமிதான் எடுத்தாள்.

"சுவரு நிக்குதுடா" என்றாள். "கொழும்புக்கும் போக வேணாம், ஒண்ணுக்கும் போக வேணாம். நாளைக்கே வந்து கூரையப் போடு."

"நாளைக்குக் கரிநாளும்மா" என்று அவன் சொல்வது கௌசிகாவுக்கும் கேட்டது.

"இருக்கட்டும்" என்றாள் தனலெட்சுமி. போனைக் கௌசிகாவிடம் நீட்டிவிட்டு, "கொஞ்சம் நகந்து ஒக்காரு, முழங்காலயும் வைக்கணும்" என்று சுவர் பக்கம் திரும்பினாள்.