திரை படிக்கும் குரல்

விபத்தில் தம்பிக்குக் கண் போய் ஐந்து மாதம். இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறான். வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருந்தால் அவனால் செய்ய முடியும். இல்லையென்றால் இன்று மதியமே நீண்ட விடுப்பில் அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அந்த விடுப்பில் போன யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அதே அலுவலகத்தில் மென்பொருள்களை மூல நிரலிலிருந்து கட்டித் தருபவள் அக்கா. கணினிகள் எல்லாம் புது ரகமாக மாறிவிட்டதால் ஆயத்தமாக எதுவும் கிடைக்காது, எல்லாவற்றையும் அவளே கட்ட வேண்டும். மூன்று நாளாக முட்டி மோதுகிறாள். படிக்கும் மென்பொருளைக் கட்ட, சத்தம் எழுப்பும் நிரல் தொகுப்பான ஒலி நூலகம் வேண்டும். ஒலி நூலகத்தைக் கட்டச் சோதனைக் கருவி வேண்டும். சோதனைக் கருவியைக் கட்டவோ அந்தப் படிக்கும் மென்பொருளே வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

மணி பதினொன்று.

"என்னதான் சொல்லுது? சத்தமாப் படி. நான் காதாலதானே பாக்கணும்" என்றான் தம்பி.

திரையில் வந்த பிழைச் செய்தியைப் படித்தாள்.

"சோதனைக் கருவி எதுக்கு? அது இல்லாம சத்தம் வராதா?"

"வரும். கட்டினது சரியா இருக்கான்னு பாக்கத்தான் அது."

"அப்ப முதல்ல பாக்காமக் கட்டு. அப்புறம் நிதானமாப் பாத்துக்கோ."

அக்கா ஒலி நூலகத்தின் கட்டளைக் கோப்பைத் திறந்தாள். சோதிக்காமல் கட்டவே கூடாது என்று ஒரு வரி; அதையும் வாய்விட்டுப் படித்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், ஓட்டை மென்பொருளைக் கொடுத்துத் திட்டு வாங்கிய ரோஷத்தில் எழுதப்பட்டது.

"யாரு எழுதினது?"

"ஒரு மூதேவி."

"ஓ, நீயா!"

சோதனையை நிறுத்தி ஒலி நூலகத்தை வெறுமனே கட்டினாள். அதை வைத்துப் படிக்கும் மென்பொருள், அதை வைத்துச் சோதனைக் கருவி, கடைசியில் மறுபடி ஒலி நூலகம், இந்த முறை சோதனையோடு. எல்லாம் தேறின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு மேலாளர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி தன் அஞ்சலைத் திறந்தான். இயந்திரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தது:

"மேலாளர் அவர்களுக்கு. என் தம்பியால் இனி இந்த வேலையைச் செய்ய முடியாது. தயவுசெய்து அவனுக்கு விடுப்பு கொடுத்துவிடுங்கள்."

நேற்று மாலை மனசு விட்டுப்போய் அக்காதான் எழுதினாள். விடுப்பு யாருக்கோ அவருக்கும் நகல் போக வேண்டும் என்பது அலுவலக விதி. அவன் எங்கே படிக்கப்போகிறான் என்று அவளும் அனுப்பிவிட்டாள்.

தம்பி விசைகளைத் தடவித் தடவித் தட்டினான். அவன் எழுதி முடித்ததையும் இயந்திரம் படித்தது:

"என்னால் முடியும். விடுப்பு வேண்டாம்."

மேலாளருக்கு அனுப்பிவிட்டு அக்கா இருந்த பக்கம் திரும்பினான்.

"உனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கேன் அக்கா. நீயும் படி."