சைகோன் மெக்கானிக்

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த நமச்சிவாயம், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையை உரசுகிற மாதிரித் தாழ்ந்த பச்சை வண்டி. வாங்கிய கொஞ்ச நாளிலேயே கியர் விழாமல் முரண்டு பிடித்தது.

"நான் எதுக்கு இருக்கேன் மச்சான்? சைகோன்ல இதவிடப் பெரிய வண்டியெல்லாம் பிரிச்சிருக்கேன்" என்றான் தங்கை புருஷன் தணிகைவேல்.

வியட்நாமில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனிலிருந்து வந்த நாள்முதல் அவனுக்கு மச்சான் வீட்டுச் சோறுதான். மனைவி சிவகாமசுந்தரியை, "அந்த ஊர்ப் பொம்பளைங்க கால்தூசிக்கு ஆவியாடி நீ?" என்பான். பதில் பேசினால் அடிப்பான்.

கியர்பாக்ஸைக் கழற்றியதும் அவன் திகைத்துப்போனான். உள்ளே இருந்ததில் பாதி அவன் கண்ணால்கூடப் பார்க்காத சாமான்கள். திரும்பப் பூட்டத் தெரியாமல், ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினான்.

நமச்சிவாயத்துக்குப் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. உறவுக்காரர்களை விருந்துக்கு அழைத்து, சாப்பாடு முடிந்ததும் கழற்றிய சாமான்கள் எல்லாவற்றையும் முற்றத்தில் கோணியின்மேல் பரப்பச் சொன்னார்.

"ஒண்ணொண்ணா பேர் சொல்லுங்க மாப்ளே. நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்."

தணிகைவேல் தண்டைக் காட்டி ஷாப்ட் என்றான். பேரிங்கைச் சரியாகச் சொன்னான். அதற்குமேல் தெரியாததற்கெல்லாம் வாயில் வந்த பிரெஞ்சு வார்த்தையைப் பெயராக வைத்தான். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. கிரீஸ் அப்பிய, பல் வைத்த ஒரு சின்ன இரும்புக் குமிழை மச்சான் எடுத்து நீட்டினார்.

"இது இன்னா?"

"இதுதான் முக்கியம். இது இல்லன்னா ரிவர்ஸே விழாது."

நமச்சிவாயம் தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

சிவகாமசுந்தரி கதவோரம் நின்றபடியே நிதானமாகச் சொன்னாள்: "நம்ம காப்பிக்கொட்ட அரைக்கிற மெஷினோட பல்லுண்ணா. நான் தினம் சுத்தறதுதான்."

முற்றமே சிரித்து உருண்டது. "மெக்கானிக் முசே!" என்று பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி யாரோ கத்தினார்கள். தணிகைவேல் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அங்க இன்னா வேல பாத்தீங்க? நெசத்தச் சொல்லுங்க" என்றார் மச்சான்.

"கார் கழுவுனேன்."

அவன் அழுதான். அதற்கும் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு மனைவியிடம் கேட்டான்: "தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. உனக்கு மனசே வரலியா?"

"காலையில அதக் கழட்டி அண்ணங்கிட்ட குடுத்ததே நான்தான்" என்றாள். "நீ நாலு பேர் எதுருல நிக்கிறதப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவன் கை ஓங்கவில்லை. அவளும் விலகவில்லை.

புதுச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக் கியர்பாக்ஸைப் பூட்டிக் கொடுத்தான். தணிகைவேல் அதன்பின் மச்சான் கடையில் மூட்டை இறக்கினான். ஒதியம்பட்டுக் கல்யாணத்துக்கு நமச்சிவாயம் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போனார். சீர்த்தட்டைத் தலையில் சுமந்து முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்த தணிகைவேலுக்குப் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அவன் ஒதுங்கிச் சேற்று வயலில் இறங்கி நின்றான்.

"நிறுத்தட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாம், முகூர்த்தம் தப்பிடும்" என்றாள் அவள்.