ட்ரிப் ஆகாத வீடு

அந்த எலெக்ட்ரீஷியனைத் தெருவில் எல்லோரும் 'கறார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எர்த் கம்பி வேண்டாம், பேருக்கு மூணு பின் பிளக் வைத்தால் போதும் என்று சொன்ன வீட்டிலிருந்து ஏணியை மடக்கிக்கொண்டு வெளியேறிய ஆள். மின்கசிவு வந்தால் அந்த நொடியே கரண்டைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்சை எடுத்துவிடச் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு வீட்டில் வளைந்துகொடுத்தான். அது அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவின் வீடு.

அத்தான் மின்சாரச் சிக்கனத்தில் பெரிய புலி. விருந்தாளி நாற்காலியை விட்டு எழுந்து நிமிர்வதற்குள் ஃபேனை அணைத்துவிடுவார். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்குத் திட்டு நிச்சயம். ஆனால் குளியலறை ஹீட்டர் மட்டும் அவருக்குக் கல்யாணமான வருஷத்தில் வாங்கியது. உள்ளே காயில் பொத்துப்போய், கரண்ட் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் உதவாமல் மீட்டரை ஓட்டுகிற கசிவு. ஒரு குண்டு பல்புக்காக வீட்டையே இரண்டாக்குகிற மனிதர், இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்வாசலுக்குத் தளம் போட்டபோது அசிங்கமாக இருக்கிறதென்று, எர்த் கம்பி மண்ணில் இறங்குகிற குழியையும் கம்பியை வெட்டிவிட்டு மூடிவிட்டார். மிச்சமிருந்த ஒரே காவல் அந்த ட்ரிப் சுவிட்ச்தான்.

ஹீட்டரைப் போட்டதும் அந்தச் சுவிட்ச் தட்டி விழுந்துவிடும். வீடு முழுக்கக் கரண்ட் போகும். அத்தான் ஆரம்பிப்பார்.

"உன் தம்பி வயரிங் பண்ண லட்சணத்தப் பாரு! பக்கத்து வீட்ல போகுதா? எதிர் வீட்ல போகுதா?"

"அது போறதாலதான் அத்தான் எல்லாரும் உயிரோட இருக்கீங்க. ஹீட்டர மாத்துங்க" என்பான் கறார்.

"தண்ணி நல்லாத்தான சுடுது? உனக்கு வேல தெரியலன்னா ஹீட்டர் மேல பழியப் போடாத."

ஒருநாள் அக்கா போன் செய்தாள். நாத்தனார் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க வருகிறாளாம்.

"அவங்க முன்னாடியும் இவரு உன்ன மட்டந்தட்டிப் பேசுவாருடா. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. மூணே நாள், அந்த சுவிட்ச விட்டுட்டு டைரக்டா குடுத்துரு."

"வேற எவனாவது இதக் கேட்டிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும், அக்கா."

"நான் வேற எவனோவாடா?"

அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனான், ட்ரிப் சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகளைக் கழற்றி நேராக மெயினில் முடுக்கினான். யார் குளிக்கப் போனாலும் ஹீட்டரை அணைத்த பிறகுதான் குழாயைத் தொட வேண்டும் என்று அக்காவிடம் மூன்று முறை சொன்னான். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள்.

நான்காம் நாள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் போனான். நாத்தனார் குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. அத்தான் அவன் தோளில் கைபோட்டு எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"என் மச்சான் கை வச்சான் பாருங்க, ஒரு தடவ கரண்ட் போகணுமே! வேலைன்னா இதுதான் வேல."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அடுப்படி வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கிய குழந்தை மாதிரி நின்றாள். கறாருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. டீயைக் குடித்தான். ஸ்க்ரூ டிரைவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. ஊரையே மிரட்டியவன் ஒரு தட்டிக்கொடுத்தலுக்கு விலைபோனான், வெட்கங்கெட்டவன்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, அத்தான் வெளியே கிளம்பும் அவசரத்தில் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஹீட்டரை அணைக்க மறந்து, ஈரக்கையோடு குழாயை மூடப் போனாள். கதவை உடைத்து உள்ளே போனபோது குளியலறை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. மெயின் பெட்டிக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான் கறார். தலைக்கு மேலே, தான் முடுக்கிய அந்த இரண்டு கம்பிகள் இருக்கின்றன என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்த இன்னொருத்தி கூடத்து நடுவில் கிடந்தாள். நாத்தனாரின் கணவர் மெல்லக் கேட்டார்.

"வயரிங்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

சொல்லிவிட வேண்டும் என்று கறார் வாயைத் திறந்தான். அதற்குள் அத்தான் அழுத முகத்தோடு சீறினார்.

"என் மச்சான யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அவன் வேலையில குறையே கிடையாது. இன்னிக்குக் காலையில கூட, கரண்ட் போகலியே!"

கறார் திறந்த வாயை மூடிக்கொண்டான்.