கதவுக்குள் மாட்டிய கை

மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று தையல்காரர் சொன்னதை நம்பித்தான் அவர் மனைவி சம்மதித்தாள். சொன்னது வாயால் இல்லை. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் இருவரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள், சண்டையும் கையால்தான். அந்தச் சண்டையைப் பார்க்க மாடி வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் நர்ஸ். முந்தின நாள் டியூட்டி முடிந்து காரில் வரும்போது, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கடகடவென்று சத்தம் போட்டுக் கதவுக்குள் விழுந்துவிட்டது. பட்டறையில் தலைக்கு மேல் வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். காரோ வாசலில் தெருவோரம் நிற்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைத் தையல்காரரே போய் வாங்கி வந்தார். அதை மாட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"கோட்டுக்கு உள்துணி மாத்துற மாதிரிதான். பிரிக்கணும், மாத்தணும், மூடணும்" என்றார் கையால்.

"கோட்டு கையைக் கடிக்காது" என்றாள் அவள்.

கதவின் உள்பலகை சுலபமாகவே கழன்றது. கண்ணாடியை மேலே தூக்கிப் பிடித்து, கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டினார்கள். பழைய ரெகுலேட்டர் வெளியே வந்தது, அறுந்த கேபிள் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது. புதியதை உள்ளே நுழைத்து நட்டுகளை முடுக்கினார். இனி ரெகுலேட்டரின் பிடியைக் கண்ணாடியின் அடிவிளிம்புக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக சுவிட்சைத் தட்ட வேண்டும். சுவிட்ச் உள்பலகையிலிருந்து பிரிந்து, வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒரு விரலைக் காட்டினா, மேலே தட்டு" என்று சொல்லிவிட்டு, வலது கையைக் கதவின் ஓட்டைக்குள் விட்டார்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைப் பிடித்துக்கொண்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைக் கதவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி உள்ளே எதையோ துழாவினார். பிறகு இடது கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார்.

அவள் தட்டினாள்.

ஒற்றை விரல் என்றால் அவர்கள் வீட்டில் 'ஒரு நிமிஷம் இரு' என்றும் அர்த்தம். அவர் காட்டியது அதைத்தான். வழக்கமாக மற்றக் கையும் சேர்ந்து அசைவதால் குழப்பம் வராது. இப்போது மற்றக் கை கதவுக்குள் இருந்தது.

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம். சுவிட்சை விட்டுவிட்டாள். அவர் உடம்பு முழுக்கக் கதவோடு இழுபட்டிருந்தது; கை வெளியே வரவில்லை.

"என்னாச்சு? எங்க மாட்டிருக்கு?" என்று அவள் கத்தினாள். கத்தி என்ன பயன்? இடது கை காற்றில் பதறியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை.

மாடி வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார். "தங்கச்சி, கீழே இறக்கும்மா! சுவிட்சைக் கீழே அமுக்கு!"

"எது மேலே, எது கீழேன்னு தெரியலண்ணே! தலைகீழாத் தொங்குது!"

சுவிட்ச் அவள் கையிலிருந்து நழுவி, முறுக்கிக்கொண்டு ஆடியது. அம்புக்குறி எப்போதோ தேய்ந்து போயிருந்தது. தப்பான பக்கம் அமுக்கினால் விரல்கள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள்.

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாருங்க." உதடசைவு அவருக்குப் புரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இடது கை மெல்ல அடங்கியது. கட்டை விரல் கீழே திரும்பியது.

"கீழே. சரி." வயரைப் பிடித்து முறுக்கைப் பிரித்தாள். முதலில் அமுக்கிய பக்கத்தில் கிரீஸ் பட்ட அவள் விரல்தடம் இருந்தது. அப்படியானால் இது இல்லை, மற்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தைத் தொட்டாள்.

மோட்டார் முனகியது. கை வெளியே வந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள். நகத்தை அமுக்கி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். எல்லாம் மடங்கின, நடுவிரலின் நுனி மட்டும் மடங்கவில்லை. ஊசி குத்தாமல் இருக்க, தைக்கும்போது அவர் விரல் கவசம் போடும் விரல் அது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி" என்றாள்.

"கண்ணாடி டேப்புலதான் நிக்குது. ரோட்டுல ஒரு குலுக்கு குலுக்கினா உடைஞ்சு உன் மடியிலதான் விழும்" என்றார் இடது கையால், திக்கித்திக்கி.

"நானே முடிக்கிறேன். மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டணும்."

மாடி வீட்டுக்காரர் கழற்றினார். "இதை முன்னாடியே செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்டார். அவள் கதவருகே குனிந்தாள். கையை உள்ளே விட்டபோது உடம்பெல்லாம் கூசியது. இப்போது எதுவும் அசையாது என்று மனதுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. டேப்பைப் பிரித்து, மாடி வீட்டுக்காரர் கண்ணாடியை மெல்ல மெல்ல இறக்கினார். அவள் அதன் அடியைப் பிடிக்குள் பொருத்தினாள். போல்ட் இரண்டு தடவை வழுக்கி உள்ளே விழுந்தது. மூன்றாவது தடவை மரையில் ஏறியது. முதல் தூறல் அவள் முதுகில் விழும்போது பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினார்கள். "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றாள். மூன்று பேர் கையும் வெளியே இருப்பதைப் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொட்டாள். கண்ணாடி மேலே ஏறி மூடிக்கொண்டது. யாரும் கைதட்டவில்லை.

உள்பலகையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். எலும்பு உடையவில்லை, தசைநார்தான் நசுங்கியிருக்கிறது, கட்டுப் போட்டால் சரியாகிவிடும், நகம் மட்டும் விழுந்து முளைக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் ஊசி, கத்தரி எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவள் கையால் சொன்னாள். தையல்காரர் இடது கையால் ஆவேசமாக என்னவோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"சரிங்கிறார் டாக்டர்" என்றாள் அவள்.