இரண்டாவது வணக்கம்

நெற்றி தரையில் படுமாறு தந்தையின் படத்துக்கு முன் ஒருமுறை வணங்கி எழுந்த சங்ஹுன், கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். தாய் அவன் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொண்ணுடா! உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணு. போனவங்களுக்கு ரெண்டு. நாப்பத்தஞ்சு வயசாச்சு, இதுகூடத் தெரியல."

"புத்தாண்டுக்கு விழுந்து விழுந்து பழகிடுச்சும்மா."

"எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணுவார்னு நின்னியாக்கும்."

அதற்குள் மாதா கோயில் கூட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் கொரியத் தெருவின் இறுதிச்சடங்கு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டது. மூத்த மகன் நின்று அவர்களை எதிர்கொள்ள வேண்டும். இரண்டாவது வணக்கம் நின்றுபோயிற்று.

"டாக்டர், மனசத் தேத்திக்குங்க" என்றார் முதலில் வந்தவர். சங்ஹுன் தலை குனிந்தான்.

மருத்துவப் படிப்பை இரண்டாம் ஆண்டில் கைவிட்டு, பின்னர் நாய்களுக்கு முடி வெட்டும் கடையைத் திறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அக்கூட்டம் அவனை டாக்டர் என்றே அழைத்தது. அழைக்கும்போதெல்லாம் தந்தை வாய் திறவாமல் கூரையைப் பார்ப்பார். முப்பது ஆண்டுகள் சலவைக்கடை நீராவியில் நின்றவரின் மானம் அந்த ஒரு சொல்லில் தொங்குவதாக எண்ணி, அவனும் மறுத்ததில்லை. இனி அதைச் சுமக்க வேண்டியதில்லை. இன்றே சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான்.

பந்தியில் மாட்டிறைச்சிக் குழம்பை ஊதியபடி மாதா கோயில் கூட்டத்து அகத்தா அம்மாள் கேட்டாள்: "டாக்டரே, இந்த முட்டிவலிக்கு என்னதான் பண்றது?"

"பெரியம்மா, நான் டாக்டர் இல்ல. நாய்க்கு முடி வெட்டறேன்."

கரண்டிகள் நின்றன.

"அப்பாடா!" என்றாள் அகத்தா. "இன்னிக்காவது வாயத் திறந்தியே!"

"உங்களுக்கு... தெரியுமா?"

"கடை திறந்த மாசமே உங்கப்பா சொல்லிட்டாருடா. 'பையன் கூச்சப்படறான், அவனாச் சொல்ற வரைக்கும் டாக்டர்னே கூப்பிடுங்க'ன்னார். சிரிக்காம இருக்க நாங்க பட்ட பாடு!"

"உங்கப்பா சிரிப்ப அடக்க முடியாமத்தான் கூரையப் பாப்பார்" என்றார் எதிரில் இருந்தவர்.

அகத்தா அவன் கோட்டின் கையைப் பிடித்து இழுத்து, கைப்பேசியை நீட்டினாள். திரையில் ஒரு சின்ன வெள்ளை நாய்; கிழிந்த இடக்காது தெரியாதவாறு முடி சற்று நீளமாக விடப்பட்டிருந்தது. அது அவன் கைவேலை. மாதந்தோறும் தந்தை அந்த நாயைச் சுமந்து வருவார். "சலவைக்கு வர்றவங்க நாய்" என்று மட்டும் சொல்லி, வேலை முடியும்வரை மூலை நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

"இது உங்க நாயா?"

"எங்க போரிதான். நான் கூட்டிட்டுப் போறேன்னாலும் விடமாட்டார். அடுத்த மாசத்துலருந்து நானே வரணும், என் முட்டியோட."

சங்ஹுன் சிரித்தான். நெடுநேரம் சிரித்தான். தாய் அவன் குழம்பில் சோற்றைக் கவிழ்த்தாள்.

"ஆறிடப்போகுது. தின்னு."

"இதோ வந்துடறேம்மா."

அவன் படத்தின் முன் சென்று மண்டியிட்டான். அகத்தா பிடித்திருந்த கறுப்புக் கோட்டின் கையில் சுருண்ட வெள்ளை முடி ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல், கைகளை ஊன்றி நெற்றியைத் தரையில் வைத்தான்.